முன்னுரையை விடுங்கள், பட்டியலைப் படிக்கச் சொல்லுங்கள்

தமிழ்மொழி விழாவையொட்டிச் சிங்கப்பூரில் வரலாற்றுப் பேச்சுப் போட்டியும் பயிலரங்கும் மரபுடைமை நடையும் நடத்தும் ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

‘உரிமைக் குரல்’, ‘அடிமைத்தளை அறுத்தோர்’ போன்ற தலைப்புகளைக் கொடுத்தால் மேடையேறும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரே வரியில்தான் தொடங்குவார்கள். மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்கிற 1776 அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் வரி அது. குரல் ஏறும், கை உயரும், கைதட்டலும் கிடைக்கும். அந்த வரிக்குக் கீழே பிரிட்டிஷ் மன்னர்மேல் 27 குற்றச்சாட்டுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை யாரும் தொடுவதில்லை.

எங்கள் கோரிக்கை இதுதான். முன்னுரையை மேடைக்கு விட்டுவிட்டு, பயிலரங்கில் பட்டியலைக் கையில் எடுங்கள். ஆட்சிக்கு எதிராக எழுதப்பட்ட எந்த ஆவணமானாலும், எழுதியவருக்கு எது வலித்தது, எது வலிக்கவில்லை என்பதைக் காட்டிக்கொடுப்பது பட்டியல்தான். கூடவே இன்னொன்றையும் தேடச் சொல்லுங்கள்: அந்தப் பட்டியலில் நம்மவர்கள் எங்கே நிற்கிறார்கள்? 1857-இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் போன மனுவைப் பார்த்தால், அவர்கள் முறையிட்டவர்களாக இல்லை. முறையிடப்பட்ட குறைகளில் ஒன்றாக இருக்கிறார்கள்.

முதலில் 1776. குழுவுக்கு ஐந்து பேர் போதும். 27 குற்றச்சாட்டுகளையும் தமிழில் ஒரு துண்டுக்கு ஒன்றாக அச்சிட்டு, எண்ணைப் பின்பக்கம் எழுதி, கலைத்துப் போட்டுக் கொடுங்கள். எது முதலில் வந்திருக்கும், எது கடைசியில் என்று அவர்களே அடுக்கட்டும். அநேகமாக எல்லாக் குழுவும் வரிவிதிப்பை முதலில் வைக்கும். பின்பக்கத்தைத் திருப்பினால், சம்மதமில்லாமல் வரி விதித்தது 17-ஆவது இடத்தில் இருக்கும். முதல் பன்னிரண்டில் வரி என்ற பேச்சே இல்லை. மன்னர் நல்ல சட்டங்களுக்கு ஒப்புதல் தரவில்லை, மக்கள் மன்றங்களைத் தூரத்து ஊர்களில் கூட்டி அலைக்கழித்தார், எதிர்த்த மன்றங்களைக் கலைத்தார், நீதிபதிகளின் சம்பளத்தையும் பதவிக்காலத்தையும் தம் கைக்குள் வைத்துக்கொண்டார், அமைதிக் காலத்திலும் படையை நிறுத்தினார் என்றுதான் போகிறது. சட்டம் செய்யும் இடமும் நீதி கேட்கும் இடமும் கையைவிட்டுப் போனால் வரி தானாக வரும் என்பது எழுதியவர்களின் கணக்கு.

13-ஆவதை அடைந்ததும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அதுவரை மன்னர் தனியாகக் குற்றம் செய்தவர். அங்கே ‘மற்றவர்களோடு சேர்ந்துகொண்டு’ என்று வருகிறது. அந்த மற்றவர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தார். ஆனால் நாடாளுமன்றம் என்ற பெயரைப் பிரகடனம் ஓரிடத்திலும் சொல்வதில்லை. காரணம் இருக்கிறது. தாங்கள் அந்த மன்றத்துக்கு என்றுமே கட்டுப்பட்டவர்கள் அல்லர், மன்னர் ஒருவரோடு மட்டுமே தங்களுக்குப் பிணைப்பு என்பது அவர்கள் வாதம். பெயரைச் சொன்னால் அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். இப்படி விடுபட்டதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட மாணவர், பிறகு எந்த அரசு அறிக்கையைப் படித்தாலும் அதே கண்ணோடு படிப்பார்.

ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு கேள்விகள் போதும். செய்தவர் யார், எந்தச் சட்டத்தால் அல்லது ஆணையால், நட்டம் யாருக்கு, கேட்கும் பரிகாரம் என்ன. நான்காவது கேள்வியில் எல்லாக் குழுவும் திணறும். திணறட்டும். 1776 பட்டியலில் பரிகாரமே கேட்கப்படவில்லை. அது மனு அல்ல, குற்றப்பத்திரிகை. மனு எழுதிக் களைத்த பிறகு எழுதியது. அச்சிட்ட தாள்களுக்கு வரி போட்ட முத்திரைத்தாள் சட்டம் வந்த 1765-இல், அமெரிக்காவிலிருந்த பிரிட்டிஷ் குடியேற்றங்களில் ஒன்பதின் பேராளர்கள் நியூயார்க்கில் கூடி மன்னருக்கும் இரு அவைகளுக்கும் எழுதினார்கள். 1774-இல் பிலடெல்பியாவில் பன்னிரண்டு குடியேற்றங்கள் கூடின, ஜார்ஜியா வரவில்லை. அங்கிருந்து மறுபடி மன்னருக்கு ஒன்று. 1775 ஜூலையில் கடைசியாக ஒரு சமாதான விண்ணப்பம். மன்னர் அதை வாங்கவே மறுத்தார், ஆகஸ்டில் அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு எழுதியதை மன்னருக்கு அனுப்பவில்லை, உலகத்தை நோக்கி எழுதினார்கள். நம் பக்கத்து வழக்கில் சொன்னால், மனு ஒருவர் கேட்பது, மகஜர் பலர் கையெழுத்திட்டுக் கேட்பது, பிரகடனம் யாரிடமும் எதையும் கேட்காதது. மாணவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிப் பேசினால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

தேயிலைக் கதையையும் திருத்தியாக வேண்டும். ‘தேயிலை வரியை ஏற்றினார்கள், மக்கள் பொங்கினார்கள்’ என்று பல பேச்சுகளில் வருகிறது. 1773 தேயிலைச் சட்டம் வரியை ஏற்றவில்லை. ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸ் என்ற வரி 1767 முதலே இருந்தது. புதுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி தன் தேயிலையை இடைத்தரகர் இல்லாமல் நேரே அமெரிக்காவில் விற்க வழிசெய்தது. அதனால் விலை குறைந்தது. மலிவான தேயிலையை வாங்கிக் குடித்தால் சம்மதமில்லாத வரியையும் ஒப்புக்கொண்டதாகும், உள்ளூர் வணிகர் பிழைப்பும் போகும் என்பதுதான் எதிர்ப்பு. 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டிகளும் கம்பெனியின் சரக்கு. சென்னைக் கோட்டையில் அமர்ந்திருந்த அதே கம்பெனிதான். 1819-இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கொடி நட்டதும் அதுவே. அமெரிக்க வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கு இந்த விடை போதும்.

இனி மொழிபெயர்ப்பு. இங்கேதான் அதிகம் சறுக்குகிறது. 1774 அக்டோபர் 14 தீர்மானங்களில் குடியேற்றத்தார் தங்கள் உரிமைக்கு மூன்று ஊற்றுகளைச் சொல்கிறார்கள்: மாறாத இயற்கை விதி, இங்கிலாந்தின் அரசியல் மரபு, மன்னர் வழங்கிய சாசனங்கள். தமிழில் மூன்றையும் ‘பிறப்புரிமை’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். திலகர் காலத்திலிருந்து காதில் பழகிய சொல் என்பதால் கை தானாக அங்கே போகிறது. ஆனால் அந்தச் சொல் இரண்டு பக்கமும் வெட்டும். மனிதராய்ப் பிறந்ததால் வந்த உரிமையா, ஆங்கிலேயராய்ப் பிறந்ததால் வந்த உரிமையா? முதலாவது என்றால் வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டத்தில் அடிமையாயிருந்த ஆப்பிரிக்கருக்கும் அது உண்டு. இரண்டாவது என்றால் அவருக்கு இல்லை, நமக்கும் இல்லை. ஆகவே இயற்கை உரிமை, ஆங்கிலேயர் மரபுரிமை, சாசன உரிமை என்று மூன்று சொற்களை முன்பே பலகையில் எழுதிவிடுங்கள். பேசுபவர் எதைச் சொல்கிறார் என்று ஒவ்வொரு முறையும் சுட்டட்டும்.

எழுதியவர்களே இந்த மூன்றுக்கும் நடுவே வசதிப்படி தாவினார்கள். உயிர், சுதந்திரம், உடைமை என்ற வாய்ப்பாட்டைத் தந்த ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக், ஆப்பிரிக்க அடிமை வணிகம் செய்த அரச நிறுவனத்தில் பணம் போட்டவர். பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனின் முதல் வரைவில் அடிமை வணிகத்துக்காக மன்னரைச் சாடும் ஒரு பத்தி இருந்தது. குடியேற்றங்களின் மாநாடு அதை அடித்துவிட்டது. அடிமைகளைத் தூண்டிவிட்டதையும் செவ்விந்தியரை ஏவிவிட்டதையும் மட்டும் 27-ஆவது குற்றச்சாட்டாக வைத்துக்கொண்டது. செவ்விந்தியரைக் குறிக்க அங்கே இருக்கும் சொல் காட்டுமிராண்டிகள். தமிழில் அதை மென்மையாக்க வேண்டாம். யாருடைய விடுதலை முழக்கத்திலும் கடைசி வரியைப் பார்க்கும் பழக்கம் வரட்டும்.

இப்போது நம் ஊர். 1776-ஐ நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டு, 1857-க்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

பின்னணி சுருக்கமாக: 1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்று ஒன்றாக்கப்பட்டன. 1830 முதல் வங்காளத்தின் கீழ். 1833 சாசனச் சட்டத்துக்குப் பிறகு, கம்பெனி ஆண்ட பகுதி முழுமைக்கும் சட்டம் கல்கத்தாவில் செய்யப்பட்டது. அங்கே இந்தக் குடியேற்றங்களுக்கு ஓர் இருக்கைகூடக் கிடையாது. 1857-இல் சிங்கப்பூரின் ஐரோப்பிய வணிகர்கள் கூடி, தங்களைக் கல்கத்தாவிடமிருந்து பிரித்து லண்டனின் நேரடி ஆட்சியில் வைக்கும்படி நாடாளுமன்றத்துக்கு மனு எழுதினார்கள்.

அந்தக் குறைப்பட்டியலையும் அதே நான்கு கேள்விகளால் உரித்துப் பாருங்கள். நாணயம்: இங்கே வணிகம் ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளி டாலரில் நடந்தது, கல்கத்தா 1855-இல் ரூபாயைச் சட்டப்படியான நாணயமாகத் திணிக்கப் பார்த்தது. நட்டம் வணிகருக்கு, ஒவ்வொரு மாற்றிலும். துறைமுகக் கட்டணம்: வரியில்லாத் துறைமுகம் என்றுதான் இந்த ஊர் பிழைத்தது, கட்டணம் வந்தால் கப்பல் வேறு பக்கம் திரும்பும். நட்டம் மறுபடி வணிகருக்கு. உள்ளூர்ச் சட்டமன்றம் இல்லாமை: தூரத்து மன்றம், சம்மதமில்லாத சட்டம். 1774-இன் வாதமே இது, உடை மட்டும் வேறு. (சுங்கவரி இல்லாத அந்த ஊரில் அரசின் பெரிய வருமானம் அபின் குத்தகையிலிருந்து வந்தது. அந்தச் சுமை சீனக் கூலிகளின் தலையில். அது குறையாக யாருக்கும் படவில்லை.)

அடுத்த குறை கைதிகள். இந்தியாவின் குற்றவாளிகளை இங்கே கொண்டுவந்து கொட்டாதீர்கள் என்பது அது. செய்தவர் கல்கத்தா அரசு. நட்டம் யாருக்கு? மனுவின் கணக்கில், குடியேற்றத்தின் பெயருக்கும் பாதுகாப்புக்கும். அந்த ஆண்டு இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. கிளர்ச்சிக்காரர்களும் கப்பலேற்றப்படுவார்களோ என்ற பயம் வேறு. கைதிக்கு நட்டம் உண்டா என்ற கேள்வி அந்தத் தாளில் எழவே இல்லை.

மாணவர்கள் இந்த இடத்தில் அமெரிக்கப் பட்டியலின் 19-ஆவதை எடுத்துப் பக்கத்தில் வைக்கட்டும்: பொய்க் குற்றம் சாட்டி, விசாரணைக்காகக் கடல் கடத்துவது. கடல் கடத்துவது அங்கே உரிமை மீறல். இங்கே கடல் கடத்தப்பட்டவரே தொல்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள்: அமெரிக்கர் பயந்தது விசாரணைக்காகக் கொண்டுபோவதை. நம்மவர்கள் அங்கே தீர்ப்பாகி, தீவாந்திர தண்டனையை இங்கே கழித்தார்கள். பிரிட்டன் தன் கைதிகளை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் அனுப்பியதுண்டு. பதிலுக்குக் கிலுகிலுப்பைப் பாம்புகளை இங்கிலாந்துக்கு அனுப்பலாம் என்று பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1751-இல் நையாண்டியாக எழுதினார். 1857 சிங்கப்பூர் மனுவில் அந்த நகைச்சுவையும் இல்லை.

கைதிகளைப் பற்றி ஆவணம் சொல்வதை மரபுடைமை நடையில் கண்ணால் காட்டுங்கள். முதல் தொகுதி 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து வந்தது: சென்னை மாகாணத்தவர் 80 பேர், அடுத்துச் சில நாளில் வங்காளத்தவர் 122 பேர். சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும், இன்று இஸ்தானா என்று அழைக்கப்படும் ஆளுநர் மாளிகையையும் கட்டினார்கள். தேவாலயத்துச் சுவரின் பூச்சு சென்னைச் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, பூசிக் காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டவர்களுக்கு இது புதிதில்லை. தேவாலயத்தின் அடிக்கல் 1856-இல் நாட்டப்பட்டது, அர்ச்சிப்பு 1862-இல். அதாவது கைதிகளை அனுப்பாதீர்கள் என்று மனு எழுதப்பட்டபோது, அதே கைதிகள் மனுதாரர்களின் கோயிலுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி இதைச் சொல்லிவிட்டு அரை நிமிடம் பேசாமல் இருந்தால் நல்லது.

மனு வென்றதா? 1858-இல் கம்பெனி ஆட்சியே முடிந்தது. 1867 ஏப்ரல் 1 அன்று நீரிணைக் குடியேற்றங்கள் லண்டனின் நேரடிக் குடியேற்றமாயின. கைதிகள் முறை 1873-இல் ஒழிந்தது. சட்டமன்றம் வந்தது, அதில் அதிகாரிகளே பெரும்பான்மை. பொதுமக்கள் வாக்களித்த முதல் தேர்தல் 1948 மார்ச்சில், அதுவும் ஆறு இடங்களுக்கு. 1867-இலிருந்து 81 ஆண்டு. சம்மதம் வேண்டும் என்று கேட்டவர்களுக்குச் சம்மதம் கிடைத்தது, ஊருக்குக் கிடைக்கவில்லை. இந்தத் தேதிகளைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் வேறு விளக்கம் வேண்டாம்.

தமிழில் ஒரு முறையீடும் இல்லையா என்று கேட்பார்கள். உண்டு, ஆனால் பொருத்தம் பார்த்துப் பயன்படுத்துங்கள். 1801 ஜூன் 16 என்ற தேதியிட்ட சின்ன மருதுவின் திருச்சிப் பிரகடனம், திருச்சிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கம் கோயிலிலும் ஒட்டப்பட்டது. சாதி மதம் பாராமல் எல்லாரையும் ஆயுதம் எடுக்க அழைத்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802-இல் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டார்கள். மனுவோ மகஜரோ அல்ல அது, மேலே சொன்ன மூன்றாவது வகை. பட்டியலும் இருக்கிறது: ஐரோப்பியர் நவாபை ஏமாற்றி நாட்டைப் பிடித்தது, மக்களை நாயாக நடத்தியது, ஊர் வறுமையில் விழுந்தது. ஆனால் அதை ‘தமிழரின் இயற்கை உரிமைச் சாசனம்’ என்று ஏற்றிச் சொல்லாதீர்கள். அதன் வாதம் முறை தவறியது, நம்பிக்கைத் துரோகம், மானம் ஆகியவற்றின் மேல் நிற்கிறது. லாக்கின் சட்டையை மருதுவுக்கு மாட்ட வேண்டியதில்லை. அவருக்கு அவர் சட்டையே போதும்.

சிங்கப்பூரில் நடந்த 1915 சிப்பாய்க் கிளர்ச்சியைப் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு விடுமுறை, அலெக்ஸாண்ட்ரா முகாம், ஐந்தாம் இலகு காலாட்படை. 47 பேர் ஊட்ரம் சிறைச் சுவரோரம் பொதுமக்கள் பார்க்கச் சுடப்பட்டார்கள். அவர்கள் வட இந்திய முஸ்லிம் வீரர்கள். பேச்சின் வேகத்தில் தமிழராக்கிவிட வேண்டாம். அவர்கள் மனு எதுவும் எழுதவில்லை. பதவி உயர்வுச் சண்டை, துருக்கியருக்கு எதிராக அனுப்பப்படுவோம் என்ற வதந்தி போன்ற குறைகள் பிறகு விசாரணையில் ஆட்சியாளரின் பேனாவால் பதிவாயின. குறையைச் சொன்னவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர் என்றால் நான்கு கேள்விகளோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: எழுதியது யார்?

கடைசி ஆவணம் இந்த ஊரிலேயே வாசிக்கப்பட்டது. 1943 அக்டோபர் 21, கேத்தே கட்டடம், சுதந்திர இந்தியத் தற்காலிக அரசின் பிரகடனம். சுபாஷ் சந்திர போஸ் வாசித்தார். சமய உரிமை, சம உரிமை, சம வாய்ப்பு எல்லாம் அதில் உறுதியளிக்கப்படுகின்றன. முன்னோடிகள் வரிசையில் தென்னாட்டிலிருந்து ஹைதர் அலி, திப்பு சுல்தான், வேலுத்தம்பி வருகிறார்கள். கட்டபொம்மன் இல்லை, மருது இல்லை. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பெருமளவில் சேர்ந்த இந்திய தேசிய ராணுவத்தின் அரசு அது என்பதால், இதைக் கவனிக்கும் மாணவருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம்.

பிறகு நாட்காட்டியைக் காட்டுங்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோய் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதையின் இரு முனைகளும் அக்டோபர் 17 அன்று இணைந்தன. கேத்தேயில் பிரகடனம் வாசிக்கப்படுவதற்கு நான்கு நாள் முன்பு. அந்தப் பாதையில் செத்தவர்களுக்கு எந்தப் பட்டியலிலும் எண் இல்லை. இதைச் சொல்லி இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களைக் குற்றவாளியாக்குவது நோக்கமல்ல. 1776-இலும் 1857-இலும் கேட்ட அதே கேள்வியை நமக்கு நெருக்கமான தாளிடமும் கேட்கத் தயங்கக்கூடாது, அவ்வளவுதான்.

செலவு பெரிதில்லை. ஒரு குழுவுக்கு 27 துண்டுகள், 1857 குறைகளுக்கு நான்கு, 1801-க்கும் 1943-க்கும் ஆளுக்கொரு தாள். முப்பது மாணவருக்கு ஆறு செட். அந்தக் கால ஆங்கில நாளிதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் இலவசமாகவே பார்க்கலாம். தமிழ் வார இதழான ‘சிங்கை நேசன்’ 1887-இல்தான் தொடங்கியது. 1857 மனுவைப் பற்றித் தமிழ்ச் செய்தித்தாளில் தேடி ஏமாற வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு செட்டுக்கு ஒரு வெற்றுத் துண்டும் சேர்த்து வெட்டுங்கள். பென்கூலனிலிருந்து வந்த 80 பேரின் குறையைத் தெரிந்துகொள்ள என்ன ஆவணம் தேட வேண்டும் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். கற்பனை வசனம் எழுத அனுமதிக்காதீர்கள். சிறைப் பதிவேடு, கப்பல் பட்டியல், கோயில் கல்வெட்டு என்று பெயர் சொல்லி எழுதட்டும்.

பேச்சுப் போட்டியின் மதிப்பெண் தாளில் உச்சரிப்பு, உடல்மொழி, நேரம் எல்லாம் இருக்கட்டும். நூற்றுக்கு முப்பதை மட்டும் ‘யார் செய்தது, எந்தச் சட்டம், யாருக்கு நட்டம்’ என்பதற்கு ஒதுக்கித் தாருங்கள். அடுத்த விழாவுக்கான நடுவர் கூட்டத்திலேயே இதை முடிவெடுத்தால், பிள்ளைகளுக்குத் தயாரிக்க நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
குடியேற்றக்கால ஆவணங்களைத் தமிழில் வாசித்துவரும் சிலர்
சிங்கப்பூர்